கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி

தேர்வு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. படிகள் மட்டும் காரணமில்லை என்று அவனுக்கே தெரியும்.

வரவேற்பில் இருந்த பெண் சட்டைப்பையை உதறிக் காட்டச் சொன்னாள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளங்கையை ஒரு கருவியின் மேல் வைத்துப் பதிவு செய்தாள். மேலாண்மைக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுத வந்தவனா, ஜெயிலுக்குப் போகிறவனா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவன் ஒளித்து வைத்திருந்தது சோதனையில் அகப்படுகிற சாமான் இல்லை.

அவன் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். கிடங்கில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘பாத்துக்கலாம்’. லாரி வரவில்லை என்றாலும் பாத்துக்கலாம், கணக்கில் பத்துப் பெட்டி குறைந்தாலும் பாத்துக்கலாம். இந்தத் தேர்வு ஒன்றைத்தான் அவன் அப்படி விடவில்லை. மூன்று வருடம் ராப்பகலாகப் படித்தான். வேலை நேரத்திலும் படித்தான். அதுதான் வினையாகப் போனது.

அறைக்குள் வரிசையாகத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, அழித்து எழுதும் பலகை, ஒரு பேனா, கனமான காதடைப்பான். பார்க்க ஹெட்போன் மாதிரி இருக்கும். பாட்டு வராது, வெளியிலிருந்து சத்தமும் வராது. அவன் அதை எடுத்து மாட்டிக்கொண்டான். ஏசியின் உறுமல் நின்றது. பக்கத்துத் தடுப்பில் யாரோ தட்டிக்கொண்டிருந்த விசைப்பலகையும் அடங்கியது. தன் நாடித்துடிப்பு மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு இருமல் கேட்டது.

வறட்டு இருமல், இரண்டு தரம். தொடர்ந்து மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தம். கூடவே புதினா வாசனை.

அவன் காதடைப்பானைக் கழற்றினான். அறை பழையபடி உறுமியது. இருமியவர்கள் யாருமில்லை. மாட்டினான்.

காகிதம் காதுக்குள்ளேயே பிரிந்தது.

அந்த இருமலைக் கிடங்கில் தெரியாதவர்கள் கிடையாது. பெரியக்காவின் இருமல். கிடங்கு மேலாளர் அவள், எல்லாருக்கும் பெரியக்கா. அட்டைப்பெட்டித் தூசி நெஞ்சில் இறங்கிப்போனதால் நாள் முழுக்கப் புதினா மிட்டாய் வாயில் இருக்கும். இவன் படிக்கிறான் என்று தெரிந்தபோது, “என்கிட்ட எதுக்குடா தம்பி மறைக்கிற? நல்ல விஷயம்தானே” என்று முதுகில் தட்டியவள் அவள்தான். கல்லூரிக்கு மேலாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மற்ற மேலாளர்கள், ‘நீயே ஒரு பரிந்துரை எழுதிக் கொண்டா, கையெழுத்து போடறேன்’ என்பார்கள். பெரியக்கா அப்படியில்லை. “நானே என் கையால எழுதறேன். பொய் எழுத மாட்டேன், பாத்துக்க” என்றாள். விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் அவள் பெயரையும் மின்னஞ்சலையும் அவன் அன்றைக்கே பதிந்து வைத்தான்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலை எட்டரைக்கு அவள் அவனைக் கூப்பிட்டாள். முந்தின நாள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்து, மூட்டை அடுக்கும் ஏழாம் வரிசை ரேக்கின் கால் வளைந்திருந்தது. சரக்கை இறக்கிவிட்டு, யாரும் கிட்டப் போகாமல் சிவப்பு நாடா கட்டச் சொன்னாள். அவன் வழக்கம்போலச் சொன்னான். சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் போய், பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதினான். நாடா இல்லாததால், ரேக்கைச் சரிசெய்தாகிவிட்டது என்று நினைத்த பெரியக்கா ஏழாம் வரிசைக்குள் நடந்தாள். முப்பது மூட்டையோடு ரேக் அவள் மேல் இறங்கியது.

விசாரணையில் அவன் சொன்னதைத்தான் அவனால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. ரேக் பழுது என்று அக்காவிடம் தான் சொன்னதாகவும், அவள்தான் மதியம் வரை இருக்கட்டும் என்றதாகவும் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். இப்போது கிடங்கின் பாதுகாப்பு வகுப்பில், எச்சரிக்கையை மதிக்காதவருக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது அவளுடைய சாவுதான். அந்த வகுப்பை மாதம் ஒருதரம் நடத்துவது அவன்.

கணினியில் பதினோராவது கேள்வி வந்தது.

‘ஒரு கிடங்கில் ரேக் சரிந்து மேலாளர் இறந்தார். தான் முன்பே எச்சரித்ததாக மேற்பார்வையாளர் கூறினார். எனவே மேலாளரின் அஜாக்கிரதையே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையானால் இந்த முடிவு மிகவும் பலவீனமடையும்?’

அவன் கை பேனாவைக் கீழே போட்டது.

நான்காவது விடை: ‘அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் மேல்தளத்தில் இதே மாதிரிக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்.’

கழுத்துக்குப் பின்னால் புதினா மூச்சு. யாரோ குனிந்து, அவனோடு சேர்ந்து திரையைப் படிக்கிறார்கள். இந்தத் தேர்வில் விடை சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. நேரம் ஓடியது. சரியான விடை எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மதிப்பெண் போய்விடுமே என்று நான்கை அழுத்தினான்.

அந்த உண்மையை அவன் முதன்முதலாக ஒப்புக்கொண்டது அங்கேதான், அதுவும் மார்க்குக்காக. எழுதி முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. அவன் கனவு கண்டதைவிட அதிகம். வரவேற்புப் பெண் தாளை நீட்டிச் சிரித்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படியிறங்கினான்.

புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்லூரி கேட்ட கட்டுரை, ‘உங்களை மாற்றிய ஒரு தோல்வி’. அவன் அந்த விபத்தையே எழுதினான். தன் எச்சரிக்கையை மேலாளர் கேட்கும்படி அழுத்திச் சொல்லத் தவறியதே தன் தோல்வி என்று கண்ணீர் வர எழுதினான். மனைவி படித்துவிட்டு மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“பெரியக்கா சொன்னாக் கேக்காத ஆளாங்க?”

“செத்தவங்களுக்கு இதனால என்ன ஆயிடப் போகுது?”

அவள் மடிக்கணினியை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள், இறந்தவள் பெயரை எடுத்துவிட்டு வேறொரு மேலாளர் பெயரைப் போடலாம் என்று விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தான். பெயரை மாற்றும் பொத்தான் அங்கே இல்லை. அவள் பெயருக்கு நேரே இப்படி இருந்தது.

‘பரிந்துரைப்பவர் எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசியாகத் திறந்தது: இன்று, காலை 8.30.’

அவன் உதவி மையத்துக்குப் போன் செய்தான்.

“அவங்க ஆரம்பிச்சுட்டாங்க சார், இனிமே பேரை மாத்த முடியாது,” என்றது ஒரு இளம்பெண் குரல். “நிறையவே எழுதியிருக்காங்க. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. நீங்க ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்களேன்.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“அதைச் சொல்லக்கூடாது சார். பாக்கற உரிமை வேணாம்னு நீங்களே டிக் அடிச்சிருக்கீங்க.”

எல்லாரும் அதை டிக் அடிப்பார்கள். ஒளிவுமறைவில்லாத ஆள் என்று கல்லூரி நினைக்கும். கடைசிக் கேள்வி எது என்று விண்ணப்பிக்கிற எவனுக்கும் மனப்பாடம்: ‘இவரிடம் நீங்கள் சுட்டிக்காட்டிய ஒரு குறை எது? அதற்கு இவர் என்ன பதில் சொன்னார்?’

போனில் அந்தப் பெண் இரண்டு தரம் இருமினாள். அவன் இணைப்பைத் துண்டித்தான்.

பெரியக்காவின் கணவர் லாரி டிரைவர். அவர்தான் அவள் போனிலிருந்து விளையாடுகிறார் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனான். கூடத்தில் குவிந்து கிடந்த துணிகள் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தன. அவர் நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதுவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

“அண்ணே, அக்கா போன் யார்கிட்ட இருக்கு?”

அவர் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே நசுங்கிய தகடும் கண்ணாடித் தூளும்.

“அவளோட சேந்து இதுவும் போச்சு. தூக்கிப் போட மனசு வரல.” கொஞ்ச நேரம் பையையே பார்த்தார். “உன்கிட்ட சொல்றதுக்கு என்ன தம்பி. நீ அவ்வளவு தூரம் சொல்லியும் கேக்காம போய்ட்டாளேன்னு அவ மேல எனக்குக் கோவம். ஒரு வருஷமா கோவமாவே இருக்கேன். ஒழுங்கா அழக்கூட இல்ல.”

அவருடைய அழுகையையும் சேர்த்து அவன்தான் பறித்துவிட்டிருந்தான். விண்ணப்பம், மதிப்பெண், கல்லூரி எல்லாம் கண்ணில் ஒருதரம் வந்துபோயின. அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

“நான் சொல்லலண்ணே. அக்காதான் என்கிட்ட சொன்னாங்க.”

அவர் நிமிர்ந்தார்.

“காலைல எட்டரைக்கு. சரக்கை இறக்கு, நாடா கட்டுன்னாங்க. நான் மேல போய்ப் படிச்சிட்டு இருந்தேன்.”

உள்ளறையில் விளக்கில்லை. அங்கிருந்து மிட்டாய்க் காகிதம் பிரியும் சத்தம் வந்தது. மெதுவாக, வேண்டுமென்றே.

அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியது. ஆனால் கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவில்லை.

“அவ சொன்னப்ப நீ என்ன சொன்ன?”

அவன் தலை குனிந்தான்.

“பாத்துக்கலாம்க்கான்னு சொன்னேன்.”

காகிதச் சத்தம் நின்றது.

அவர் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டார். “இதை நாளைக்குக் கிடங்குல, எல்லார் முன்னாடியும் சொல்லணும் நீ.”

“சொல்றேண்ணே.”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. ஒரு வருடத்து அழுகை. ஆறுதல் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

‘உங்கள் பரிந்துரைப்பவர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டார்.’

புதினா வாசனை வாசல்வரை வந்தது. அவள் அவனைப் பற்றி என்ன எழுதினாள் என்று அவனுக்கு என்றைக்குமே தெரியப்போவதில்லை. பார்க்கும் உரிமை வேண்டாம் என்று டிக் அடித்தவன் அவன்தான்.