பிரதியில் கேட்ட சிரிப்பு

பிரதியில் அவள் சிரித்தாள். அசலில் அந்தச் சிரிப்பு கிடையாது.

அவர் காதிலிருந்து ரப்பர் குழாய்களை உருவிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மத்தியான வெயில் தரையில் கிடந்தது. சுவரோரம் பதினோரு போனோகிராப்கள், எல்லாம் காசு போட்டால் மட்டும் பாடும் பழங்காலத்து மரப்பெட்டிகள், மெழுகும் எண்ணெயும் கலந்த வாசனையோடு வாய் மூடி நின்றன. கடிகாரம் பழுதுபார்த்துச் சம்பாதித்ததையெல்லாம் இவற்றில்தான் கொட்டியிருந்தார். ஒரு காசுக்கு, குழாயைக் காதில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள்தான் கேட்க முடியும். "உங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு," என்பாள் மனைவி. "பக்கத்துல நிக்கிறவளுக்குக்கூடக் கேக்காது."

அவள் சாவதற்கு முந்தின வருஷம், பதியாத மெழுகு உருளை ஒன்றில் அவளைப் பேசச் சொன்னார். இரண்டே நிமிடம். "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி சற்று நிறுத்துவாள். "இந்த ஓட்டைப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்." மறுபடி மௌனம். "வந்து கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க." அன்றைக்கும் அவர் உட்காரவில்லை. மெழுகுத் துகளை ஊதித் தள்ளுவதில் மும்முரமாக இருந்தார்.

ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊசி மெழுகைக் கொஞ்சம் தின்றுவிடும். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அதனால் நேற்று இரண்டு பெட்டிகளுக்குக் கூம்பு மாட்டி, எதிரெதிரே வைத்து, ஒன்று பாட மற்றதில் பதியவிட்டுப் பிரதி எடுத்தார். மூச்சு விட்டால்கூடப் பதிந்துவிடுமே என்று, ஓடவிட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, நடையில் அசையாமல் நின்றார். அறைக்குள் ஈ காக்காய் இல்லை. முடிந்ததும் அவசரம். புதிதாக இந்த வேலைக்கு வந்தவன்கூடச் செய்யாத தப்பு அது: வெதுவெதுப்பான கையை அசல் உருளைக்குள் விட்டு எடுத்தார். குளிர்ந்த மெழுகு கைச்சூடு தாங்காமல் பட்டென்று இரண்டாகிவிட்டது. இனி அவள் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது இந்தப் பிரதி ஒன்றுதான்.

பெட்டியின் இழுப்பறையைத் திறந்து, சற்றுமுன் போட்ட, ஓரம் மழுங்கிய செப்புக்காசை எடுத்து மறுபடி போட்டார். குழாய்களை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டார். கரகரப்பு. பிறகு அவள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"உனக்காகத்தான்மா காத்துக்கிட்டிருக்கேன்."

முதல் தடவை இரைச்சலென்று நினைத்தது, இப்போது தெளிவாகக் கேட்டது. ஆண் குரல். அவருடைய குரல்.

அவள் சிரித்தாள். முப்பது வருஷத்தில் அவரிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பயத்துக்கு முன்னால் அவருக்குப் பொறாமைதான் வந்தது. வெட்கமில்லாமல், வயிறு எரிகிற பொறாமை.

"வந்து கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க."

நாற்காலி நகரும் சத்தம்.

"வந்துட்டேன்."

அசலில் அவள் இந்த இடத்தோடு முடித்துவிடுவாள். இன்று முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கதவுக்கு வெளியில யாரோ மூச்சடக்கி நிக்கிறாங்க. யாருங்க அது?"

ஊசி ஓடி முடிந்தது.

இழுப்பறையைத் திறந்து காசை எடுத்தார். காசு இல்லாமல் பெட்டி ஓடாது. முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடைக்கு வந்தார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

காசு உள்ளங்கையில் குத்தியது. இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே சுருள்வில் முறுக்கவிழும் ரீங்காரம். நாற்காலி ஒன்று இழுபட்டது. இன்னொன்றும்.

"நான்தான்!" கதவைத் தட்டினார். "ஏம்மா, நான்தான்! கதவைத் தொற!"

ரீங்காரம் நின்றது. கதவின் அடி இடுக்கில் கசிந்த வெயில் கீற்றில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு.

"போயிட்டாரா?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"இல்லம்மா," என்றது அவர் குரல். "இன்னும் நிக்கிறான்."