வாசிக்கிறவரே, உண்டா?

1999 ஜூனில், மழை தொடங்கிய வாரத்தில்தான் கனகதாஸ் தன் கம்ப்யூட்டர் சென்டரைக் எங்கள் ஊரான கொல்லயிலில் இருந்த பழைய ஓட்டு வீட்டுக்கு மாற்றினான். நான் முதல் தடவை அங்கே போனது ஒரு மதியம். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த அறை அது. எத்தனை முறை கழுவியும் புகையும் புளிப்பும் கலந்த அந்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. திருடர்களுக்குப் பயந்து கதவின் வெளிப்பக்கம் போட்டிருந்த இரும்புக் கொண்டியைக் கனகதாஸ் பிடுங்கி எறிந்துவிட்டான். நான்கு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம்.

"அண்ணன் இங்கன இரியுங்க. நான் சோறு தின்னுட்டு மூணு மணிக்கு வாறேன். இண்டர்நெட்டு கடலாக்கும், பாத்து நீந்தணும்," என்று சொல்லி மோடத்தை இயக்கிவிட்டுப் போனான்.

நான் ஊர் நூலகத்தின் பொறுப்பாளன். நூலகம் நாலு மணிக்குத்தான் திறக்கும். தனியாள். பேசுவதைவிட வாசிப்பது சுலபம் என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டவன்.

புத்தகம் எழுதியவர்களைத்தான் அதுவரை வாசித்திருந்தேன். இங்கே வேறு மாதிரி மனிதர்கள் இருந்தார்கள். ஏதோ குளிர் நாட்டில் ஒரு கிழவர் தன் தோட்டத்து நத்தைகளைப் பற்றி மட்டும் எழுதினார். ஒரு பெண் உடைந்த வாசற்கதவுகளைப் படம் பிடித்துப் போட்டாள். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கயிற்று முடிச்சுகளைப் பற்றி நூறு பக்கம் எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்காமல், யாருக்கென்றும் தெரியாமல் அவரவர் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். கதவு திறந்தே இருந்தது. நான் சத்தமில்லாமல் நுழைந்து, வாசித்து, சத்தமில்லாமல் வெளியே வந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வந்தவர் பெயர் எழுத ஒரு பெட்டி இருக்கும். எதிலும் எழுதியதில்லை.

கனகதாஸ் தன் மாணவர்களையும் ஆளுக்கொரு பக்கம் செய்யச் சொல்லியிருந்தான். ஒருவன் பாறசாலை பஸ் நேரங்களைப் போட்டிருந்தான். ஒரு பெண் மரச்சீனிக் கிழங்கில் பதினெட்டு பலகாரம் எழுதியிருந்தாள்.

கடைசியில் ஒன்று இருந்தது. சாம்பல் நிறப் பின்னணி. ஆங்கில எழுத்தில் அடித்த நம்மூர்த் தமிழ். தலைப்பு, 'வீட்டில் கேட்கிற சத்தங்கள்'.

*சத்தம் ஒன்று: விடியுமுன்னே தென்னை மட்டை விழுகிறது. முதலில் ஒரு பெருமூச்சு, பிறகுதான் அடி.*

*சத்தம் நாலு: கிணற்றுக் கப்பி. வாளி இறங்கும்போது சிரிக்கும். ஏறும்போது அழும்.*

இப்படி எழுதுகிற ஆள் நம் ஊரில் உண்டா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

*சத்தம் ஒன்பது: நான் அறைக்குள்ளே. வெளியே கொண்டி போடுகிறது. டக்.*

*சத்தம் பத்து: அதே கொண்டி எடுக்கிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே இன்றைக்கு நாலு மணி நேரம்.*

கீழே, வந்தவர்கள் எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்று நான்தான்.

அவள் பெயர் ஷிஜா. காலை வகுப்பு முடிந்து பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியேறும்போது நான் உள்ளே வருவேன். அவளைக் கல்ஃபுக்கு வேலைக்கு அனுப்ப ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அவள் கணவன் ஈசாக்தான் சேர்த்துவிட்டிருந்தான். கனகதாஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சபையில் பாடகர் குழுவை நடத்துபவன். நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்கு அட்டை போட்டுத் திருப்பித் தருகிற ஒரே ஆள். பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னமே பைக்கோடு வாசலில் நிற்பான்.

தினமும் வாசித்தேன். ஒரு நாள் எனக்காக ஒன்று இருந்தது.

*தினமும் உச்சைக்கு ஒரு ஆள் வந்து வாசிக்கிறது. எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. வாசிக்கிறவரே, உண்டா? எனக்க அக்கா ஆனந்தபாய் களியிக்காவிளையில் உண்டு. நம்பர் கீழே. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லணும். வீட்டில் போனுக்குப் பூட்டு. கனகதாஸ் அண்ணனிடம் சொன்னால் வீட்டுக்காரர் காதுக்குப் போகும். ஒரு போன் போதும்.*

போன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சி வெயிலிலோ அந்தியிலோ வெளியே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. செத்தவர்கள் இரண்டு தடவைதான் விளிப்பார்கள். மூன்றாவது விளி உயிருள்ளவர்களுக்கு மட்டும்தான். அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். நான் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு தடவைதானே கேட்டிருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி காரியம். நாளைக்குச் சரியாகிவிடும்.

ஒரு வாரம் கழிந்தது.

*சத்தம் பதினேழு: எனக்க கை எலும்பு. கொண்டி மாதிரியேதான். டக். இன்று எனக்கு இருபத்தேழு வயது தொடங்கியது. வாசிக்கிறவரே, உண்டா?*

மறுநாள் அவள் கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்தாள். வாசற்படியில் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஈசாக் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் தெனமும் இங்க வந்து என்ன வாசிக்கியது?" என்றாள், மிகத் தாழ்வாக.

அவள் கண் என் வாயைப் பார்த்தபடி இருந்தது.

"நத்தையப் பத்தி," என்றேன். "வெளிநாட்டுல ஒரு கிழவர் எழுதுகாரு."

அவள் தலையசைத்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு ஆலய மணி அடித்தது. சபையில் யாராவது இறந்தால் வயசுக்கு ஒரு அடி. எண்ணியே ஆள் யாரென்று ஊர் ஊகிக்கும். நான் தேநீர்க் கடையில் நின்று எண்ணினேன்.

இருபத்தேழு.

கிணற்றில் கால் தவறி விழுந்தாள் என்றார்கள். அடக்கத்தில் ஈசாக் பாடினான். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. ஆனந்தபாய் கல்லறை மண்ணில் உட்கார்ந்து யாரையோ பார்த்து அரற்றிக்கொண்டிருந்தாள். "எனக்க மக்கா... ஒரு போன் வந்திருந்தா காரு பிடிச்சு வந்து கொண்டு போயிருப்பேனே. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாம போச்சே."

நான் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன்.

மறுநாள் மதியம் சென்டருக்குப் போனேன். அந்தப் பக்கத்தைக் கடைசியாக ஒரு தடவை வாசித்துவிட்டு எல்லாம் மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அதத் தேடாதீங்க அண்ணா," என்றான் கனகதாஸ், டிபன் பையை எடுத்தபடி. "ஈசாக் அண்ணன் சொன்னாருன்னு நேத்தே அழிச்சாச்சு. ஒரு எழுத்து பாக்கியில்ல." வாசலில் நின்று சிரித்தான். "அண்ணனுக்கு வாசிக்க வேற இல்லியா? நத்த உண்டே!"

அவன் எப்படி நத்தையைப் பற்றி அறிந்தான் என்று கேட்பதற்குள் போய்விட்டான்.

மழை நின்றிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். முகவரியை அடித்தேன்.

சாம்பல் நிறம் வந்தது.

முந்தைய சத்தங்கள் எதுவும் இல்லை. மூன்று வரி மட்டும்.

*இங்கே சத்தம் குறைவு.*

*தலைக்கு மேலே வாளி வந்து போகிறது. சிரிக்கிறது. அழுகிறது.*

*வாசிக்கிறவரே, உண்டா?*

மூன்றாவது விளி.

அறையில் ரப்பர் புகை வாடை போய், பாசியும் பழைய தண்ணீரும் மணத்தது. செத்தவர்கள் மூன்றாவது தடவை விளிக்க மாட்டார்கள். அப்படியானால் இது யார்? அல்லது அவள் விளிகளை எண்ணிக் காத்திருந்த நான்தான் தவறாக எண்ணினேனா?

அடியில் இருந்த பெட்டியில் என் பெயரை எழுதினேன். ராஜதாஸ். பிறகு ஒரு சொல். *உண்டு.*

போன் அடித்தது.

மோடம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லைனில் போன் அடிக்க முடியாது. வழியே இல்லை.

எடுத்தேன்.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல். எதிர்பார்ப்பில் மூச்சு வாங்கியது. "ஆரு? ஆரு விளிக்கியது? ஷிஜாவுக்க காரியமா? சொல்லுங்க. நான் அவளுக்க அக்காவாக்கும்."

எனக்காக யாரோ அந்த நம்பரைச் சுழற்றி, ஆளைக் கூப்பிட்டு, என் காதில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் போதும். கொண்டி, கை எலும்பு, இரண்டு விளி. அவ்வளவுதான். இனி அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"ஹலோ? எதாவது தெரியுமெங்கில் சொல்லுங்க... தெய்வத்தை ஓர்த்து..."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியை நினைத்தேன்.

போனை வைத்தேன்.

டக்.

கதவுக்கு வெளியே. ஓடிப்போய்த் தள்ளினேன். அசையவில்லை. மூன்று மணிக்குக் கனகதாஸ் வந்து சாதாரணமாகத் திறந்தான். நான் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். நான்கு துளைகள். அவற்றில் புதிய துரு.

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. மதியத்தில் நூலகத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். நூலகத்தில் தொலைபேசி கிடையாது.

ஆனாலும் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிறது. அலமாரிகளுக்கு நடுவே, எங்கிருந்தென்று தெரியாமல். அடி நின்றதும் அவள் அக்காவின் குரல். "ஹலோ? ஆரு?" ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளே களைத்து நிறுத்துகிறாள். பிறகு, டக்.

முதல் நாள் நாலு மணிக்குக் கதவு திறந்தது. அடுத்த நாள் ஐந்துக்கு. வாசகர்கள் வெளியே காத்து நின்று, "அண்ணன் உறங்கிப் போச்சுதோ?" என்று சிரித்தார்கள். நான் உள்ளிருந்து கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லையாம். நேற்று கடைசியாக ஈசாக் தான் எடுத்த புத்தகத்தோடு வந்து கதவைத் தொட்டான். உடனே திறந்தது. புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தான்.

இன்று காலை என் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. ஓரமெல்லாம் ஈரம்.

*சத்தம் ஒன்று: வாசிக்கிறவர் மூச்சு. சொல்ல வந்து, விழுங்குகிறது.*

இப்போது ஆறு தாண்டிவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை. தரையிலிருந்து பாசி மணக்கிறது. இந்த மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். யாராவது வாசிப்பார்கள். வாசித்துவிட்டு என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

ஆலய மணி அடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். முப்பது போய்விட்டது. முப்பத்தைந்தும் போய்விட்டது.

எனக்கு வயது நாற்பத்திரண்டு.

நாற்பது.

நாற்பத்தொன்று.