மூன்றரை மார்க்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுவது அவள் வழக்கமில்லை. எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும், கடைசிப் பெயர் மேலேறி மறையும்வரை உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் மார்க் போடுவாள். ஆனால் அன்று மதியக் காட்சியில் பாதிப் படம்கூட ஆகவில்லை... மடியிலிருந்த போன் மினுக்கியது. சினிமா குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்.

'அரைமார்க் எந்தத் தியேட்டர்ல படம் பார்க்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. ரசிகர் மன்றத்துப் பசங்க வாசல்ல நிக்கிறாங்க. வெளிய வர்ற ஒவ்வொருத்தர் போனையும் வாங்கிப் பார்க்கப் போறாங்களாம்.'

அவள் போனைச் சட்டென்று கவிழ்த்தாள். அரைமார்க்... அவள்தான்.

அந்தக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பார்த்த படத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, ஏன் என்று நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் பவர் அளக்கிற பழக்கத்தில் அவள் ஐந்தரை, ஆறரை என்று அரை அரையாகவே போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

போன வாரம் பெரிய ஹீரோவின் புதுப்படத்துக்கு மூன்றரை போட்டாள். அந்த நாலு வரி ஊரெல்லாம் சுற்றியது. படம் படுத்துவிட்டது. ரசிகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அதோடு விட்டாளா? தொழில்புத்தி சும்மா இருக்காமல், 'திரையின் வலது ஓரம் மங்கல், கால் பவர் சரிசெய்தால் நல்லது' என்று கடைசியில் எழுதித் தொலைத்தாள். ஊரில் வலது ஓரம் மங்கும் தியேட்டர் ஒன்றே ஒன்றுதான். அவள் கடைக்கு எதிரே இருப்பது.

வாசலில் நிற்கும் பையன்கள் ஒவ்வொருவருக்கும் அவளைத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். ஏனென்றால் மன்றத் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினாள். இரண்டு இரண்டு படியாக... திருப்பத்தில் யார் மீதோ முட்டினாள். டீ டம்ளர் ஒன்று உருண்டது. ஏதோ கீழே விழுந்தது. அவள் செருப்புக்கு அடியில் 'நறுக்' என்றது.

"ஏங்க... கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்கடைக்காரி மிதித்துக் கண்ணாடி உடைவதைவிட மானக்கேடு உண்டா?

"இனிமே உங்களுக்குத்தாங்க தெரியாது," என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவன் முறைக்கப் பார்த்தான். முறைக்க வேண்டிய இடம் தெரியாமல் அவள் காதுக்குப் பக்கத்தில் சுவரை முறைத்தான். அவளுக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. பெரிய கண்கள்... இத்தனை நாள் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்து இப்போதுதான் வெளியே வந்த கண்கள். மைனஸ் நாலாவது இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"எதிர்ல இருக்கற கண்ணாடிக் கடை என்னோடதுதான்... அதாவது நான் வேலை பார்க்கறது. வாங்க, புதுசு போட்டுத் தர்றேன். சீக்கிரம் வாங்களேன்!"

"என்ன அவசரம்? உடைஞ்சது எங்கயும் ஓடிடாது."

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஐந்தாறு பேர். அவள் குடையை விரித்து முகத்துக்கு நேரே தாழ்த்திக்கொண்டு, அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபடி சாலையைக் கடந்தாள். அவனுக்குக் கார் எது, மழை எது என்று தெரியவில்லை. ஆனால் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்குவது தெரிந்தது.

"யாருக்குங்க பயப்படறீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் கடைக் கதவைத் தள்ளினாள்.

கடையில் முதலாளியம்மா கண்ணை உயர்த்தினாள். "அரைநாள் லீவு கேட்டுட்டுப் போனே... லீவுலயும் ஆள் புடிச்சுட்டு வர்றியே, உன்னை மாதிரி யாரு கெடைப்பா எனக்கு!"

அவனை நாற்காலியில் உட்காரவைத்து, பவர் பார்க்கிற வெற்றுச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டாள். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில். மூச்சை எங்கே விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலையில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை. அவனே பேச்சுக் கொடுத்தான்.

"பாதியில ஓடி வந்தீங்களே, படம் அவ்ளோ மோசமா?"

"இல்லங்க. பார்த்த வரைக்கும் ஆறரை குடுக்கலாம்."

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "அந்த அரை எதுக்குங்க?" என்றான். குரல் மாறியிருந்தது.

அவள் கையிலிருந்த லென்ஸ் தட்டில் விழுந்தது. போச்சு... எல்லாம் போச்சு!

"பயப்படாதீங்க," என்றான் முதலாளியம்மாவுக்குக் கேட்காத குரலில். "நான் அந்தத் தியேட்டர் ஆபரேட்டர். இன்டர்வல் வரைக்கும் படம் தானா ஓடும், டீ குடிக்க இறங்கினேன். வலது ஓரம் மங்கல்னு நீங்க எழுதினதும் எனக்கு வந்துது பாருங்க கோவம்! பத்து வருஷமா படம் ஓட்டறேன், எனக்கே பாடமான்னு. போய்ப் பார்த்தா லென்ஸ் திருகு நிஜமாவே தளர்ந்திருக்கு. அன்னைலேர்ந்து இது யாரா இருக்கும்னு யோசிச்சுட்டே இருக்கேன். என் பேரு குழுவுல... முழுமார்க்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுமார்க்கா! எந்தக் குப்பைப் படத்துக்கும் பத்துக்குப் பத்து போடும் அந்த முழுமார்க்கா? இரண்டு வருடமாக வாரம் தவறாமல் அவள் சண்டை போடுகிற ஆள். போன வாரம் அந்தப் புதுப்படத்துக்கும் பத்து போட்டுவிட்டு, விடிய விடிய அவளோடு மல்லுக்கட்டியவன்.

"உங்களை எழுபது வயசு பென்ஷன்காரர்னு நெனைச்சேன்," என்றாள்.

"நான் உங்களை ரிடையர் ஆன கணக்கு டீச்சர்னு நெனைச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அவள் முகம் மறுபடி வெளுத்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... ப்ளீஸ்."

"செத்தாலும் என் வாயிலேர்ந்து வராது."

மறுநாள் மூன்று மணிக்குக் கண்ணாடி தயாராகும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். மழையில் தடவித் தடவி அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன் நம்பர் வாங்கவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது.

வீட்டில் அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன் உறுமிக்கொண்டிருந்தான்.

"அந்த அரைமார்க் மட்டும் என் கையில கெடைக்கட்டும்மா... இருக்கு!"

"சாப்பிடறப்ப என்னடா சண்டை? நடிக்கறவரு நல்லாத்தான் இருக்காரு, நீ ஏன் உருகிப் போற?" என்றாள் அம்மா.

அவள் தலை நிமிரவில்லை. அப்பா போனபின் இந்த அண்ணன்தான் எல்லாம். கல்லூரியைப் பாதியில் விட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அவளைப் படிக்கவைத்தவன். ஊரில் அவள்மேல் ஒரு சொல் விழ விடமாட்டான். அவன் அடிப்பான் என்று அவளுக்குப் பயமில்லை. உண்மை தெரிந்தால் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிடுவான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், பேசாத அண்ணன்...

"நாளைக்குத் தியேட்டர் ஆபரேட்டரைப் பிடிக்கறோம். மேலேர்ந்து எல்லாரையும் பார்க்கறவன், அவனுக்குத் தெரியாம இருக்காது," என்றான் அண்ணன்.

அவளுக்குப் புரையேறியது. "மெதுவா சாப்பிடு பாப்பா," என்று அண்ணனே தண்ணீரை எடுத்துக் கொடுத்தான்.

அறைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, சினிமா குழு வழியாகவே முழுமார்க்குக்குத் தனியாக எழுதினாள். 'நாளைக்கு வேலைக்கு வராதீங்க. உங்களைத் தேடி வர்றாங்க.'

உடனே பதில் வந்தது. 'அப்ப படத்தை யாரு ஓட்டறது?'

'விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.'

பிறகு... 'எனக்காகவா?'

அவள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். தூக்கம் வரவில்லை.

மறுநாள் இரண்டு மணியிலிருந்தே கடை ஜன்னல் வழியாகத் தியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை ஓயவில்லை. அண்ணனின் பைக் வந்து நின்றது. பின்னால் இன்னும் மூன்று பைக். எல்லோரும் உள்ளே போனார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. அவள் ஒரே கண்ணாடியை நாலாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா! மாட்டிக்கிட்டான்! அந்த ஆபரேட்டர்தான் அரைமார்க்காம். அவனே ஒத்துக்கிட்டான்! மன்னிப்புக் கேக்க வச்சு வீடியோ எடுக்கப் போறோம். பசங்க செம கோவத்துல இருக்காங்க."

அவளுக்குக் காது அடைத்தது. செத்தாலும் வராது என்றான்... சொன்னபடியே செய்துவிட்டான். பாவி!

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு வீடியோ, நாலு அடி, முடிந்துவிடும். அண்ணன் அண்ணனாகவே இருப்பான். அந்த எண்ணம் வந்ததற்கே அவளுக்கு அவள்மேல் அருவருப்பாக இருந்தது. எதிரில் தட்டில் அவன் கண்ணாடி தயாராக இருந்தது. அவனுக்கு யார் கை ஓங்குகிறார்கள் என்றுகூடத் தெரியாதே!

கண்ணாடியை எடுத்துக்கொண்டு குடைகூட இல்லாமல் ஓடினாள்.

படம் ஓட்டும் அறை மூன்றாம் மாடியில். சின்ன அறை, இயந்திரச் சூடு. அவன் சுவரோரம் நின்றிருந்தான். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்திருந்தது. அண்ணன் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான்.

"நான் படமே பார்க்கல, பொய்யா மார்க் போட்டேன்னு சொல்லுடா."

"மனசு கஷ்டப்பட்டா மன்னிச்சுக்கங்க. ஆனா மார்க்கை மாத்த மாட்டேன்," என்றான் அவன். "மூன்றரைன்னா மூன்றரைதான். யோசிச்சுப் போட்ட மார்க்."

வாசலில் நனைந்து நின்றவள் அதைக் கேட்டாள். அந்தப் படத்துக்குப் பத்து போட்டவன்! அவளுடைய மூன்றரைக்காக அடி வாங்க நிற்கிறான்.

ஒருவன் கையை ஓங்கினான்.

"அண்ணா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ எங்க இங்க வந்தே? நனைஞ்சிட்டு... கீழ போ பாப்பா."

"அவரை விடுண்ணா. நான்தான் அது." குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். "அரைமார்க் நான்தான்."

அண்ணன் சிரித்தான். "சும்மா இரு. ஆளைக் காப்பாத்தறதுக்கு..."

"அவங்க சும்மா சொல்றாங்க," என்று குறுக்கிட்டான் ஆபரேட்டர்.

"நீங்க பேசாதீங்க!" என்றாள் அவள். போனைத் திறந்து அண்ணனிடம் நீட்டினாள். கை வெடவெடவென்று ஆடியது. "பாரு. நான் எழுதினதுதான். முதல் தடவை என்னைத் தோள்ல உட்காரவச்சு நீ உன் ஹீரோ படத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனே. எனக்கு அவரை எவ்ளோ பிடிக்கும்னு உனக்கே தெரியும். இதுல அவர் மனசு வச்சு நடிக்கவே இல்லண்ணா. எனக்கு அழுகையா வந்துது. அதான் எழுதினேன்."

அண்ணன் போனை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தான். முகத்தில் கோபம் இருந்தது, பிறகு கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நாலு கூடவா இல்ல, பாப்பா?" என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு என்று சொன்னால் போதும். அரை மார்க்தான்... அண்ணன் கேட்கிறான்.

"இல்லண்ணா."

அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவன் பின்னால் போனார்கள். முதல் திருப்பத்திலிருந்து அவன் குரல் மட்டும் மேலே வந்தது. "மழை விட்டப்புறம் வீட்டுக்கு வா. காய்ச்சல் வந்து தொலையப் போகுது."

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். பேசிவிட்டான்... அண்ணன் பேசிவிட்டான்.

அழுது முடித்த பிறகுதான் கையில் கண்ணாடி இருப்பது நினைவுக்கு வந்தது. அவன் காதில் மாட்டிவிட்டாள். அவன் இமைக்காமல் பார்த்தான். நேற்று லென்ஸ் மாற்ற மாற்றத் தெளிவதும் மங்குவதுமாக இருந்த முகம்... ஈர முடி, சிவந்த மூக்கு, அழுத கண்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள் கோபமாக. "உங்களுக்குப் பிடிச்ச படம்தானே? பத்து போட்டீங்களே!"

"எனக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்ல. ரெண்டு கூட தேறாது."

"என்னது?"

"பாதிக்குப் பாதி படம் எனக்குப் பிடிக்கறதில்லங்க." அவன் தரையைப் பார்த்தான். "முதல்ல ஒரு தடவை பத்து போட்டேன். நீங்க சண்டைக்கு வந்தீங்க. அப்புறம் பத்து போட்டாத்தான் வருவீங்கன்னு தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா அதுக்காகத்தான் போடறேன். கணக்கு டீச்சரா இருந்தாலும் பரவால்லன்னு..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மழைத் தண்ணீர் முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குளிரவில்லை. ஆனாலும் கை நடுங்க ஆரம்பித்தது... அண்ணன் முன்னால் நின்றபோதைவிட அதிகமாக.

"அவங்கதான் போய்ட்டாங்களே. இன்னும் என்னங்க பயம்?" என்றான் அவன்.

"அவங்களுக்கு இல்லங்க." அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இப்ப நான் ஒண்ணு சொல்லப் போறேன்ல... அதுக்கு."

"சொல்லுங்க."

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள். கண்ணைத் திறக்கத்தான் தைரியம் வரவில்லை.