மறுபடி பார்ப்போம்

நவம்பரில் வியன்னா மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டோடுதான் ஹாம்பர்க்கிலிருந்து வீப்கேயும் அவள் சின்ன மகள் யெட்டேயும் பெட்டிகளுடன் வந்து சேர்ந்தார்கள். நாலாம் மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஹெர்மினே ஸைட்லர், தரைத்தளத்தில் தன் வீட்டு வாசலிலேயே நின்று வரவேற்றாள். எல்லாருக்கும் சொல்வதை அவர்களுக்கும் சொன்னாள்.

"குழாய்த் தண்ணியே குடிங்க, மலையிலேருந்து வருது. டிராம் டிக்கெட்டை மறக்காம மெஷின்ல குத்திடுங்க. காபிக் கடையில ஒரு கப் வாங்கிட்டு நாள் பூரா உக்காரலாம். பரிமாறுறவர் சிடுசிடுப்பார், அதுதான் அவர் மரியாதை."

"எங்க ஊர்ல சிடுசிடுக்கக்கூட வாயைத் திறக்க மாட்டாங்க, ஃபிராவ் ஸைட்லர்," என்று வீப்கே சிரித்தாள்.

"இங்க திறக்கணும்மா. லிஃப்ட்ல யாரு இருந்தாலும் வணக்கம் சொல்லணும். இறங்கறப்போ, 'மறுபடி பார்ப்போம்.' சொல்லலேன்னா வளர்ப்பு சரியில்லம்பாங்க. கேட்டியா கண்ணு?"

யெட்டே தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து அவள் ஹெர்மினேயிடம் ஓடிவந்தாள். "தாத்தாகிட்ட 'மறுபடி பார்ப்போம்'னு சரியா சொல்லிட்டேன்!"

"எந்தத் தாத்தா?"

"லிஃப்டுக்குள்ள உக்கார்ற பலகையில தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரே. யாருமே அவர்கிட்ட அப்படிச் சொன்னதில்லையாம். காத்திருக்கேன்னார்."

ஹெர்மினேயின் கை சிலுவைக் குறி இட்டது.

ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தவர் நவ்ராத்தில். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையில் உட்கார்ந்தவருக்கு அங்கேயே மூச்சு நின்றது. தூங்குகிறார் என்று நினைத்து, அன்று முழுக்க ஜனங்கள் அவர் பக்கத்திலேயே நின்று ஏறி இறங்கினார்கள். ஒருவராவது வணக்கம் சொல்லியிருந்தால், பதில் இல்லையே என்று குனிந்து பார்த்திருப்பார்கள்.

செத்தவர்களிடம் அந்த ஊரில் 'கடவுள் காக்கட்டும்' என்றுதான் விடைபெறுவார்கள். மறுபடி பார்ப்போம் என்று யாரும் சொல்வதில்லை.

"அம்மாவும் நீயும் இனிமே படியிலயே—"

யெட்டே அதற்குள் லிஃப்டுக்குள் இருந்தாள். கம்பிக்கதவு தானாக மூடிக்கொண்டது.

படியில் இறங்கிக்கொண்டிருந்த வீப்கே அதைப் பார்த்து அலறினாள். லிஃப்ட் பெட்டி மேலே போயிற்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

அந்த வீட்டுக்கு ஐந்து மாடிதான்.

கயிறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையுமாக ஒரு வாடை கீழே இறங்கியது. ஹெர்மினே கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். இருட்டுக்கு முடிவே இல்லை.

"கடவுள் உங்களைக் காக்கட்டும், ஹெர் நவ்ராத்தில்."

கயிறு நிற்கவில்லை.

"குழந்தை தெரியாம சொல்லிட்டா. அனுப்பிடுங்க."

வெகு உயரத்திலிருந்து, களைத்த குரல் ஒன்று.

"வாக்குக் குடுத்தாளே."

அதில் கோபம் இல்லை. அதுதான் ஹெர்மினேயை உலுக்கியது. தனியாக இருப்பவரின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்த வாக்கை நான் எடுத்துக்கறேன். என்கிட்ட வாங்க. மறுபடி பார்ப்போம்."

கயிறு நின்றது.

பிறகு, மெல்ல, பெட்டி இறங்கியது. உள்ளே யெட்டே மட்டும் சமர்த்தாக நின்றிருந்தாள். அவள் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

அடுத்த ரயிலிலேயே தாயும் மகளும் ஊர் திரும்பினார்கள்.

ஹெர்மினே சமையலறையில் விளக்கேற்றி ஜெபித்தாள். பிறகு காபி போட்டு இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். பயந்தாள்தான். ஆனாலும் தானே வாங்க என்று அழைத்த விருந்தாளியை நிற்கவைப்பது முறையில்லை.

"உக்காருங்க," என்றாள்.

எதிர் நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.

இன்றுவரை அது எழும்பவில்லை.