புருவத்துத் தழும்பு

"இன்னாங்க இது? என் மூஞ்சி எங்க?"

தொப்பலாக நனைந்து வந்தவன் இரண்டு புகைப்படங்களை மேஜைமேல் போட்டான். ஷண்முகப்ரியா நிமிர்ந்தாள். மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் அது அவள் அப்பா அய்யாதுரையின் ஸ்டூடியோ. போன வாரம் மழைக்கு ஒதுங்கி, அப்படியே விசாவுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனவன் இவன். மூன்று தடவை "சிரிக்காதீங்க" என்று சொல்ல வைத்தவன்... மறக்குமா?

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா கீது. ஆனா அது நான் இல்ல! புருவத்துத் தழும்பு பாஸ்போர்ட்ல கீது, மூஞ்சில கீது, இதுல மட்டும் காணோம். கவுன்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே ஆறு வாரம் கழிச்சுத்தான் தேதி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பருவையும் தழும்பையும் துடைக்காமல் அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு படமும் வெளியே போனதில்லை. கைப்பழக்கத்தில் இதையும் துடைத்துவிட்டாள். ஆனால் வீம்பு விடுமா?

"அழகாக்கினது ஒரு குத்தமா?"

"அப்போ நான் அழகில்லன்றீங்க?"

கண்களில் பாதி கோபம், பாதி குறும்பு... அவளுக்குக் காது சூடானது.

அவன் டில்லிபாபு. ஊரூர் குப்பத்துக்காரன், குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். பெர்லினில் இரண்டு பதிப்பகங்கள் அவனுக்கு வேலை தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தன. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல், அங்கே சொந்தமாகத் தொழில் செய்துகொள்ள அனுமதி வேண்டும். அதற்கு ஒரு கட்டுக் காகிதம் கேட்டார்கள். செய்த தப்புக்கு ஈடாக, அதையெல்லாம் ஸ்கேன் செய்து அடுக்கித் தருவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

ஒரு நாள் வேண்டிய காகிதத்தோடு வந்தான். மறுநாள் வேண்டாத காகிதத்தோடு வந்தான்.

"ஏழு வயசுல எங்க நைனா முதமுதல்ல போட்ல இட்டுனு போனாரு. தூண்டில் முள்ளு கிழிச்சிடுச்சு. இப்போ அவர் இல்ல... இது மட்டும் கீது" என்று ஒருநாள் புருவத்தைத் தடவிக்கொண்டான். அதைப் போய் அழித்தோமே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது.

விண்ணப்பத்தில், உடன் வருபவர் யார் என்ற கட்டத்தில் அவன் பேனா நின்றது.

"ஒருத்தன் சாப்புட வருமானம் கீதுன்னு காட்டவே நாக்கு தள்ளுது. இன்னொருத்தர எந்த வாயால கேக்குறது?" காகிதத்தைப் பார்த்தேதான் சொன்னான். பிறகு 'இல்லை' என்று எழுதினான். தி.நகர் நகைக்கடை வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொல்லியிருந்ததை அவளும் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு ரோஷம்... இவளுக்கு மட்டும் குறைச்சலா?

விசா தேதிக்கு முதல் நாள். மறுபடி படம் எடுக்க உட்கார்ந்தான். இந்தத் தடவை சிரிக்காதீங்க என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரையில் அந்தத் தழும்பு. ஒரு தடவை தேய்த்தால் போதும், நாளைக்கும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிப்பகங்கள் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அப்புறம் இவன் எங்கே போவான்? இங்கேதான் இருப்பான்... அவள் மவுஸை விட்டுக் கையை எடுத்தாள்.

தொடாமலே அச்செடுத்து, உறையில் போட்டு நீட்டினாள்.

"டில்லி... அன்னைக்குத் தெரியாம அழிச்சேன். இன்னைக்குத் தெரிஞ்சே அழிச்சுடலாம்னு பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அழிக்கல?"

"அழிச்சா அது நீங்க இல்லையே..." கண் நிறைந்துவிட்டது.

"பிரியா... எனக்காக காத்திருன்னு சொல்ற தைரியம் எனக்கில்ல. காத்திருக்காதன்னு சொல்லவும் மனசு வரல."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். வெள்ளிக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. வேணாம்னு அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

வெளியே மழை வலுத்தது. உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு நான் சிரிச்சுக் கெடுத்த படம் மூணு... தூக்கிப் போட்டுட்டியா?"

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"இல்ல. தழும்போட அப்படியே வச்சிருக்கேன்... தினமும் கடை மூடறப்போ பார்ப்பேன்."