ஷாக் அடிக்காத மெஷின்

"ஐயோ... மூச்சே இல்லீங்க!"

மௌனிகா டீச்சரின் அலறல், சிமுலேஷன் லேபின் கண்ணாடிச் சுவர்களில் மோதித் திரும்பியது.

கட்டில்களில் வரிசையாகப் பொம்மை நோயாளிகள். நடுவே, தரையில் ஒரு நிஜ மனிதர்...

சேர்மன் ராமுலு!

சற்று முன் ரிப்பன் வெட்டி லேபைத் திறந்து வைத்தவர்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள் இல்மா. கிணத்துக்கடவுக்கு அருகிலிருந்த அந்த நர்ஸிங் கல்லூரியின் கடைசி வருட மாணவி. கடைசி வருடம்தான்... ஆனால் பயிற்சிக்கூடம் என்ற ஒன்றை அவள் கண்ணால் பார்ப்பதே இன்றுதான்! நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் வித்தையை அவள் கற்றது சுவரில் தொங்கிய படத்தில். பழகியது ஹாஸ்டல் தலையணையில்.

மண்டியிட்டாள். அழுத்தத் தொடங்கினாள்.

"யாராச்சும் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க!"

"வேண்டாம்!"

கையை உயர்த்தித் தடுத்தார் ரவிதேஜா. ராமுலுவின் தம்பி. கல்லூரியின் செயலாளர். லேபுக்கு எல்லாச் சாமானும் வாங்கிப் போட்டவர்.

"பொள்ளாச்சி ரோட்டு டிராபிக்குல ஆம்புலன்ஸ் எப்ப வந்து சேர்றது? யாரும் போனைத் தொடாதீங்க. நம்மகிட்ட ஷாக் மெஷினே இருக்குது. அதை எடு அம்மணி!"

மஞ்சள் பெட்டியைத் திறந்தாள் இல்மா. மெஷின் பேசியது. அது சொன்னபடியே பட்டைகளை ராமுலுவின் மார்பில் ஒட்டினாள். பட்டனை அழுத்தினாள்.

'ஷாக் டெலிவர்ட்' என்றது மெஷின்.

ராமுலுவின் உடம்பு துள்ளவில்லை. விரல்கூட அசையவில்லை!

மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதே குரல். அதே அசைவின்மை.

மௌனிகா வராந்தாவுக்கு நழுவி, ரகசியமாக ஆம்புலன்ஸை அழைத்தாள். வந்தவர்கள் நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்கள்.

அடுத்து வந்தது போலீஸ் ஜீப். இறங்கினார் இன்ஸ்பெக்டர் நிஜாம்.

"இந்தப் புள்ளைதானுங்க சார்... எங்கண்ணனைக் கொன்னுபோட்டா!" ரவிதேஜாவின் விரல் இல்மாவை நோக்கி நீண்டது.

இல்மாவுக்கு உள்ளங்கை எரிந்தது. 'எம்பொண்ணு நர்ஸுங்க' என்று காந்திபுரம் துணிக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் அத்தாவின் முகம் வந்து போனது.

"நான் அழுத்தினேனுங்க சார்... கை ஓயற வரைக்கும் அழுத்தினேன்..."

"அழாதம்மா." நிஜாம் ரவிதேஜாவிடம் திரும்பினார். "அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணுச்சுங்க?"

"என்ன தப்பா? வாயில மட்டும் பேசற டம்மி டப்பாவை நெஞ்சுல ஒட்டிட்டு நேரத்தைக் கடத்திப்போட்டா சார்! அதுல ஷாக்கே வராது!"



இல்மாவின் அழுகை நின்றது. "டம்மியா...? எடுக்கச் சொன்னதே நீங்கதானுங்களே!"

"ஷாக்... அது வந்து..." ரவிதேஜா பின்வாங்கினார்.

மௌனிகா பாய்ந்து மெஷினைப் புரட்டினாள். அடியில் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தழும்பு. வழக்கமாக 'பயிற்சிக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும் இடம்!

"இது பாடம் நடத்தற மெஷினுங்க சார்! பேசும்... அவ்வளவுதான். ஆனா திறப்பு விழாவுல இவரு, 'நெசமான ஷாக் மெஷின், உசுரையே மீட்கும்'னு மைக்குல சொன்னாருங்க. நாங்க நம்பினோம்."

நிஜாமின் குரல் இறங்கியது.

"டம்மின்னு உங்களுக்கு மட்டும் தெரியும். தெரிஞ்சேதான் ஆம்புலன்ஸ் வேண்டாம்னீங்க. ஏனுங்க ரவிதேஜா?"



"நான் சொல்றேனுங்க." மௌனிகா முன்னால் வந்தாள். "காலையில ஆபீஸ் ரூம்ல பெரியவரு இவரைச் சத்தம் போட்டாருங்க. 'நாளைக்கே மெஷின் கம்பெனி ஆளுக வந்து ஒவ்வொரு மெஷினையும் செக் பண்ணுவாங்க, அப்புறம் நீ இந்தக் காலேஜுல இருக்க மாட்டே'ன்னு. எனக்கு அப்பப் புரியலீங்க. நெச மெஷினுக்கான காசை இவரு அமுக்கிப்போட்டாருன்னு இப்பத்தான் தெரியுது."

"பொய்!" ரவிதேஜா உறுமினார். "அவருக்கு ஹார்ட் அட்டாக். நானா வரவெச்சேன்?"

"இல்லீங்க. அது தானா வந்துது. உதவி வராமப் பார்த்துக்கிட்டது மட்டும் நீங்க." நிஜாம் கசப்பாகச் சிரித்தார். "அண்ணன் விழுந்தப்ப நூத்தியெட்டைக் கூப்பிடக் கூடாது. செத்ததும் நூறைக் கூப்பிட மட்டும் உங்க விரல் என்ன வேகம்! பழி போட ஒரு படிக்கிற புள்ளை வேணும்... அதுக்குத்தானே அவசரம்?"

கான்ஸ்டபிள்கள் ரவிதேஜாவை இருபுறமும் பற்றினார்கள்.

இல்மா தரையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நெசமான மெஷினா இருந்திருந்தா... பொழைச்சிருப்பாருங்களா சார்?"

நிஜாம் தொப்பியைக் கழற்றினார்.

"தெரியல கண்ணு. அதைத் தெரிஞ்சுக்கறதுக்குக்கூட உன்னை இவரு விடலையே."

இல்மா ராமுலுவின் திறந்த சட்டையை இழுத்து மூடினாள். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கல்லூரியில் அவள் கவனித்த முதல் நிஜ நோயாளி!

ஜீப்பில் ஏறும்போது ரவிதேஜா திமிறினார்.

"எங்க வக்கீல் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்!"

"தாராளமா வரட்டுங்க!" நிஜாம் கதவை அறைந்து சாத்தினார். "அவராச்சும் ஒரிஜினலான்னு பார்த்துக் கூப்பிடுங்க!"