பூஜைக்குப் போகாத பேட்டரி

“இறங்கிட்டேன்! புடவுக்குள்ள நிக்கிறேன்! சுடரு, உன் மாமன் சிங்கம்டி!”

வாக்கி-டாக்கியில் ஒச்சப்பன் போட்ட சத்தத்தில், பாறையடியில் நின்ற காஜா பாயின் டீ தளும்பிக் கையில் கொட்டியது. சுடர்க்கொடி அண்ணாந்து பார்த்தாள். செங்குத்தான பாறையின் நடுவே, தரையிலிருந்து இரண்டு பனை உயரத்தில், கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. அதுதான் கழுகுப்புடவு! பாளையக்காரர் ஒருவர் தன் பொன்னையெல்லாம் அந்தக் குகைக்குள் ஒளித்துவைத்தார் என்று அடிவாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். பார்த்தவர்தான் ஒருவரும் கிடையாது.

“சிங்கம் கயித்த மட்டும் கழட்டிறாதீங்க மாமா!” என்றாள் சுடர்.

“கழட்டியாச்சே! கட்டிக்கிட்டு எப்படி உள்ள போறது?”

அவர் சொல்லி முடிக்கவில்லை. உச்சியில் கீச்சுகீச்சென்று ஒரே கூச்சல். ஏழெட்டுக் குரங்குகள்! கயிற்றைக் கட்டிய மரத்திலேயே, முடிச்சோடு சேர்த்து, தன் பொரிகடலைப் பையையும் ஒச்சப்பன் மாட்டிவிட்டுப் போயிருந்தார். குரங்குகள் பையைப் பிய்த்தன. பிய்த்த வேகத்தில் முடிச்சும் அவிழ்ந்தது. சரசரவென்று மொத்தக் கயிறும் கீழே வந்து காஜா பாயின் காலடியில் விழுந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

“சுடரு…” என்றது சிங்கம், ஈனசுரத்தில்.

இந்த மூவரும் யார் என்று சொல்லிவிடுகிறேன். சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்கள். எட்டு இறக்கையுள்ள அவர்களுடைய ட்ரோனுக்கு ‘ராட்டினம்’ என்று பெயர். கனமான கேமராவையே அலேக்காகத் தூக்கும். அதை ஓட்டுபவள் சுடர். ஜீப் ஓட்டுபவர் காஜா பாய். பேட்டரிகளுக்குப் பொறுப்பு, சுடரின் அக்கா கயலைக் கட்டிய ஒச்சப்பன். அந்தப் பொறுப்பில்தான் வினையே வந்தது.

ஆயுதபூஜை அன்று எதுவும் குறையாக இருக்கக்கூடாது என்பது ஒச்சப்பனின் கொள்கை. குடத்தில் தண்ணீர் நிறைய, மரக்காலில் நெல் நிறைய வைத்தார். புது பேட்டரிகள் நான்கிலும் சார்ஜை விளிம்பு வரை ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார். பொன் இருக்கிறதா என்று கழுகுப்புடவைப் படம் எடுத்துப் பார்க்க மறுநாள் புறப்பட வேண்டியது. மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் பேட்டரிகள் தகரக் கொட்டகையில், நிறைந்த வயிற்றோடு, அப்படியே கிடந்தன. பறக்காத நாளில் இந்த வகை பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். முழுசாக ஏற்றிப் புழுக்கத்தில் போட்டால் உள்ளே வாயு சேர்ந்து உப்பிவிடும்.

இன்று காலை பெட்டியைத் திறந்தால் நான்கும் பூரி மாதிரி இருந்தன! சுடர் அவற்றைச் சார்ஜரில் மாட்டிக்கூடப் பார்க்காமல், ஜீப்புக்கு வெகுதூரத்தில் மணலுக்குள் புதைத்துவைத்தாள். “ட்ரோன் பறக்காட்டி என்ன, நான் பறக்குறேன்!” என்று வீராப்பாகக் கயிற்றோடு ஆட்டுத்தடத்தில் உச்சிக்கு ஏறிப்போனவர்தான் இப்போது புடவுக்குள் மாட்டிக்கொண்டார். மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று சுடர் கேட்டதற்கும் சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

கடகடவென்று மேற்கே இடி உருண்டது.

காஜா பாயின் முகம் மாறியது. “சுடரம்மா, மேல மழை விழுந்தா அருவி அந்தப் புடவு வழியாத்தான் கொட்டும். அடிச்சுத் தள்ளிரும். உச்சிக்கு நான் ஏறிப்போக மத்தியானம் ஆயிரும். அதுக்குள்ள மழை வந்துரும்.”

சுடர் கயிற்றை வாரிச் சுருட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. இந்த மனிதர் பத்திரமாக வீடு வந்தாக வேண்டும்!

“கயிறு நம்ம கையில இருக்கு. ராட்டினம் நூலைக் கொண்டுபோய் அவர்கிட்ட குடுத்துட்டாப் போதும். நூலோட கயித்தக் கட்டிவிட்டா அவரே இழுத்துக்குவார்.”

“பேட்டரி?”

சுடர் இரும்புப் பெட்டியின் அடியில் கையை விட்டாள். பழைய பேட்டரிகள் இரண்டு வந்தன. உறை கிழிந்து, மூலை தேய்ந்து, பூஜைக்கு வைக்க லாயக்கில்லாத மூஞ்சி என்று ஒச்சப்பன் ஒதுக்கியவை. புதுசை விடச் சின்னவை; கேமராவைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் பறக்க முடியாது. ஆனால் போன தடவை சுடர் பாதி சார்ஜில் வைத்தது அப்படியே இருந்தது. உப்பலும் இல்லை, கீறலும் இல்லை.

“மணல்ல இருக்கிறதுல கொஞ்சமா உப்புனது ஒண்ணும், இதுல ஒண்ணும் போட்டா பலம் கூடுமே?” என்றார் காஜா பாய்.

“காளையையும் கன்னுக்குட்டியையும் ஒரே நுகத்துல பூட்டுனா வண்டி எங்கிட்டுப் போகும் பாய்? உப்புனது பறக்கவே கூடாது. இது ரெண்டும் ஒண்ணா வாங்குனது, ஒண்ணா உழைச்சது. இதுதான் ஜோடி!”

கேமராவைக் கழற்றி வைத்தாள். எடை பாதியாகக் குறைந்தது. பேட்டரிகள் மலைக்குளிரில் ஜில்லென்று இருந்தன. குளிர்ந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் உள்ளேயே கெட்டுவிடும். ஜீப் பானெட்டில் வைக்கலாம் என்றார் காஜா பாய். “சூடு ஆகாது பாய், கதகதப்புப் போதும்” என்று சொல்லி, ஒன்றைத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றுக்கு காஜா பாயின் குரங்குக்குல்லாவை மாட்டி அவர் மடியிலேயே கொடுத்தாள். அவர் பச்சைப்பிள்ளையைப் போல அதை அணைத்துக்கொண்டார்.

பிறகு ஜெனரேட்டர் உறுமியது. சார்ஜரில் எண்கள் மெதுவாக ஏறின. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஆறு அறை. ஆறும் சமமாக ஏறுகிறதா என்று சுடர் கண் எடுக்காமல் பார்த்தாள்.

“கரண்டக் கூட்டி வையேம்மா, சட்டுனு ஏறிரும்!”

“அது தாங்குற அளவுதான் குடுக்கணும். அவசரம் நமக்குத்தான் பாய், அதுக்கு இல்ல.”

முதல் தூறல் விழுந்தது. வாக்கி-டாக்கி அலறியது. “சுடரு! மேலேருந்து தண்ணி சொட்டுதுடி!”

இன்னும் முழுசாக ஏறவில்லை. ஆனால் போய்வர இது போதும் என்று சுடர் கணக்குப் போட்டாள். பிடுங்கினாள், பூட்டினாள். “கிளம்பு ராட்டினம்!”

எட்டு இறக்கையும் இரைந்தன. நைலான் நூலை இழுத்துக்கொண்டு ராட்டினம் விர்ரென்று எழுந்தது. பாறையருகே காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. சுடர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!

“புடிங்க மாமா! இறக்கையில கைய விட்டுறாதீங்க, நூலை மட்டும்!”

“புடிச்சிட்டேன்!”

அதே நொடியில் சுடர் கையிலிருந்த கருவி பீப் பீப் என்று கத்தியது. சார்ஜ் இறங்குகிறது! பொத்தானை அமுக்கி, ராட்டினத்தின் கொக்கியைத் திறந்து நூலை விட்டாள். ராட்டினம் தள்ளாடி வந்து புல்லில் உட்கார்ந்தது. பேட்டரிகள் வெதுவெதுப்பாக இருந்தன, உப்பவில்லை. சுடர் குனிந்து இரண்டுக்கும் முத்தம் கொடுத்தாள்.

நூலைத் தொடர்ந்து கயிறு ஏறியது. ஒச்சப்பன் அதைப் பாறைத்தூணில் சுற்றிக் கட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்து, இறங்கினார். அவர் கால் தரையைத் தொட்டுச் சற்று நேரத்தில் அருவி புடவின் வாயிலிருந்து பீறிட்டுக் கொட்டியது!

மூவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சுடருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஒச்சப்பன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“பொன் கிடைச்சுதா?” என்றார் காஜா பாய்.

ஒச்சப்பன் செல்போனை நீட்டினார். அருவி எட்டாத உயரத்தில், புடவின் பின்சுவரில், வெள்ளையில் தீட்டிய ஓவியம். ஒருவன் கயிற்றில் தேனடைக்குத் தொங்குகிறான். உச்சியில் இன்னொருவன் இரண்டு கையாலும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

“தேன் எடுக்கப் போனா பொண்டாட்டி கூடப்பொறந்தவனத்தான் மேல நிறுத்துவாங்களாம்” என்றார் காஜா பாய். “தங்கச்சியத் தாலியறுக்க விடமாட்டான்ல.”

ஒச்சப்பன் ராட்டினத்தின் பக்கத்தில் குனிந்தார். அந்தப் பழைய பேட்டரிகளைக் கையில் எடுத்து, கிழிந்த உறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வளைகாப்பு அமர்க்களமாக நடந்தது. பாளையக்காரர் பொன்னை விடப் பெரிய புதையல் என்று தொல்லியல்காரர்கள் அந்த ஓவியத்தைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆயுதபூஜையில் குடமும் மரக்காலும் நிறைந்திருந்தன. பேட்டரிகள் மட்டும் பாதி சார்ஜில் இருந்தன. கிழிந்த உறை ஜோடிதான் நடுநாயகம்!

அதற்கு முன்பே, அந்த மழை ஓய்ந்த கையோடு, ஓவியத்தை அளந்து வர ஒச்சப்பன் மறுபடி புடவுக்கு இறங்கினார். கொழுந்தியாள் வந்தால்தான் இறங்குவேன் என்று ஒரே பிடிவாதம். உச்சியில் முடிச்சுக்குப் பக்கத்திலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுடர் உட்கார்ந்திருந்தாள். பொரிகடலைப் பை அவள் மடியில் இருந்தது.